'டு' எங்கே வரும், எங்கே வராது: ஆங்கில இன்ஃபினிட்டிவைப் பிழையின்றிக் கையாளும் வழி

ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியவர்களின் வாக்கியங்களில் 'ஐ கேன் டு கோ', 'ஹி மேட் மீ டு வெயிட்', 'ஐ என்ஜாய் டு ரீட்', 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' போன்றவை அடிக்கடி தென்படுகின்றன. இவை நான்குமே பிழை. படிப்பவருக்குப் பொருள் விளங்கிவிடுகிறது என்பதால் எழுதுபவருக்குத் தம் பிழை தெரியாமலேயே போய்விடுகிறது. கோ, வெயிட், ரீட், மீட் ஆகிய வினைகளில் எந்தக் குறையும் இல்லை; அவற்றுக்கு முன்னால் நிற்கும் சொல் எந்த வடிவத்தைக் கேட்கிறது என்பதைப் பாராமல் எழுதியதுதான் காரணம். ஆகவே இன்ஃபினிட்டிவைக் கற்பவர் வினையின் பொருளைப் பார்ப்பதற்கு முன், அதன் இடப்பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்க்கப் பழக வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தப் பழக்கத்தையே அடிப்படையாகக் கொண்டவை.

முதல் படி: வடிவத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்

இன்ஃபினிட்டிவ் என்பது காலமும் இடமும் எண்ணும் காட்டாத வினைவடிவம். கோ, ஈட், ரைட் என அகராதியில் தலைச்சொல்லாக நிற்கும் அதே வடிவம்தான் அது. பெரும்பாலும் அதற்கு முன் 'டு' வரும், சில இடங்களில் வராது. தமிழில் போக, உண்ண, எழுத என்னும் செயவென் எச்சம் செய்யும் வேலையில் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் இதுவே செய்கிறது. 'போக விரும்பினான்' என்று சொல்லும்போது இறந்தகாலத்தை 'விரும்பினான்' மட்டுமே சுமக்கிறது, 'போக' மாறுவதில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே 'ஹி வான்ட்டட் டு கோ' என்பதுதான் சரி. 'ஹி வான்ட்டட் டு வென்ட்' என்றோ, 'ஷீ வான்ட்ஸ் டு கோஸ்' என்றோ எழுதுவது காலத்தையும் எழுவாயையும் இரண்டு முறை காட்ட முயல்வதாகும்.

இதில் தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று, 'பி' என்னும் வினை. ஆம், இஸ், ஆர் ஆகியவற்றின் அகராதி வடிவம் 'பி'. 'டாக்டராக விரும்புகிறேன்' என்பதில் வினை இருப்பது நம் கண்ணுக்கு எளிதில் படாததால், பலர் 'ஐ வான்ட் டு டாக்டர்' என்று எழுதிவிடுகிறார்கள். 'டு' வந்தபின் ஒரு வினை வந்தே ஆக வேண்டும் என்பதால் 'ஐ வான்ட் டு பி எ டாக்டர்' என்றே எழுத வேண்டும். 'டு பி ஹேப்பி', 'டு பி ஆன் டைம்' என்பனவும் இப்படித்தான்.

இரண்டாம் படி: 'டு' கூடாத இடங்களை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்

பாடநூல்கள் பொதுவாக 'டு' வரும் இடங்களில் தொடங்குகின்றன. அதற்கு நேர்மாறாகத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஏனெனில் 'டு' வராத இடங்கள் குறைவு, அவற்றை ஒருமுறை முடித்துவிட்டால் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே வேண்டியதில்லை.

கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் ஆகிய ஒன்பது துணைவினைகளுக்குப் பின் 'டு' வராது. இதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. ஏறத்தாழ 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவுக்கென்று தனி விகுதி இருந்தது. 'பாட' என்பதற்கு அன்றைய வடிவம் 'சிங்கன்'. அக்காலத்தில் 'டு' என்பது திசையையும் நோக்கத்தையும் காட்டும் முன்னிடைச்சொல்லாகவே (ப்ரெபொசிஷன்) இருந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் விகுதிகள் தேய்ந்து மறைந்தபோது, இன்ஃபினிட்டிவை அடையாளம் காட்டும் பொறுப்பு மெல்ல மெல்ல 'டு'வின் கைக்கு வந்தது. ஆனால் இந்தத் துணைவினைகள் பழைய முறையை விடாமல் பிடித்துக்கொண்டன. அதனால்தான் இன்றும் 'ஐ கேன் கோ', 'யூ மஸ்ட் வெயிட்' என்கிறோம். ஆட் டு, ஹேவ் டு, பி ஏபிள் டு, பி கோயிங் டு ஆகியவை பொருளில் இவற்றுக்கு நெருக்கமானவை என்றாலும் 'டு'வோடு சேர்ந்தே வரும். 'மஸ்ட் கோ', 'ஹேவ் டு கோ' இரண்டும் சரி, 'மஸ்ட் டு கோ' மட்டும் பிழை. கேள்விக்கும் எதிர்மறைக்கும் துணையாக வரும் டூ, டஸ், டிட் ஆகியவற்றுக்குப் பின்னும் வெறும் வினையே வரும். 'டிட் நாட் வென்ட்' என்னும் பிழை முதல் படியில் கண்ட அதே பிழைதான்.

அடுத்து வருவது, நம்மை மிகுதியாக ஏமாற்றும் கூட்டம். தமிழில் 'போக விடு', 'காத்திருக்க வை', 'பாடக் கேட்டேன்', 'போகச் சொல்' ஆகிய எல்லாவற்றிலும் ஒரே எச்ச வடிவம் இருக்கிறது. ஆங்கிலம் இவற்றை இரண்டாகப் பிரிக்கிறது. லெட், மேக் ஆகியவற்றுக்கும், ஸீ, ஹியர், ஃபீல் ஆகிய புலனறிவு வினைகளுக்கும் பின் ஆளைச் சொன்னதும் நேரே வினை வரும்: 'லெட் மீ கோ', 'ஹி மேட் மீ வெயிட்', 'ஐ ஹர்ட் ஹர் ஸிங்'. டெல், ஆஸ்க், அலவ், ஃபோர்ஸ் ஆகியவற்றுக்குப் பின்னோ ஆளுக்கும் வினைக்கும் நடுவே 'டு' வேண்டும்: 'ஹி டோல்ட் மீ டு கோ', 'ஷீ அலவ்ட் அஸ் டு லீவ்'. லெட், அலவ் இரண்டும் 'விடு', 'அனுமதி' என்று ஏறத்தாழ ஒரே பொருள் தருபவை. மேக், ஃபோர்ஸ் இரண்டும் கட்டாயத்தைக் காட்டுபவை. ஆனாலும் இலக்கணம் வேறு. பொருளை நம்பி வடிவத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

மேக் என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. செயப்பாட்டு வினைக்கு மாறும்போது தொலைந்த 'டு' திரும்பி வந்துவிடும்: 'தே மேட் ஹிம் வெயிட்' என்பது 'ஹி வாஸ் மேட் டு வெயிட்' ஆகும். ஹெல்ப் என்பது இரண்டையும் ஏற்கும். 'ஹெல்ப் மீ கேரி திஸ்', 'ஹெல்ப் மீ டு கேரி திஸ்' இரண்டும் நல்ல ஆங்கிலம். 'யூ ஹேட் பெட்டர் கோ', 'ஐ வுட் ராதர் ஸ்டே' என்னும் இரு தொடர்களையும் அப்படியே முழுதாக மனத்தில் வைத்துக்கொள்வது போதும்.

மூன்றாம் படி: 'டு' கேட்கும் வினைகளில் ஆள் எங்கே என்று பாருங்கள்

வான்ட், ஹோப், டிசைட், ப்ளான், அக்ரீ, ரெஃப்யூஸ், ப்ராமிஸ், லேர்ன், ஆஃபர், மேனேஜ், ஃபெயில், ப்ரிடெண்ட் ஆகியவை தமக்குப் பின் 'டு'வுடன் கூடிய வினையைக் கேட்பவை. இவற்றைத் தனிச்சொற்களாகப் படிக்காமல், 'டிசைட் டு', 'ரெஃப்யூஸ் டு' என்று வாலோடு சேர்த்தே படித்து வந்தால் எழுதும்போது தயக்கம் இராது.

சிக்கல் தொடங்குவது, செயலைச் செய்பவர் வேறொருவராக இருக்கும்போது. 'நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதைத் தமிழ் வரிசையிலேயே கொண்டுபோனால் 'ஐ வான்ட் தட் யூ ஷுட் கம்' என்று வந்து நிற்கும். ஆங்கிலத்தில் வான்ட் அப்படித் 'தட்' தொடரை ஏற்பதில்லை. 'ஐ வான்ட் யூ டு கம்' என்பதே முறை. அதாவது நம் மொழியில் எழுவாயாக இருந்த 'நீ', ஆங்கிலத்தில் வான்ட்டுக்குச் செயப்படுபொருளாக மாறிவிடுகிறது. ஆகவே 'ஹி', 'ஷீ', 'தே' அல்ல, 'ஹிம்', 'ஹர்', 'தெம்' வர வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பிழை நேர்கிறது. 'அவர் போகச் சொன்னார்' என்று தமிழில் சொல்லும்போது யாரைப் போகச் சொன்னார் என்பதைச் சூழல் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் டெல் என்னும் வினை ஆளின்றி இந்த இடத்தில் நிற்காது. 'ஹி டோல்ட் டு கோ' என்பதும், 'ஹி டோல்ட் டு மீ டு கோ' என்பதும் பிழை; 'ஹி டோல்ட் மீ டு கோ' என்பது மட்டுமே சரி. ஆஸ்க் என்பதில் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை, ஏனெனில் அங்கே ஆளை விட்டாலும் வாக்கியம் பிழையாகாது, பொருள்தான் மாறிவிடும். 'ஹி ஆஸ்க்ட் மீ டு லீவ்' என்றால் என்னை வெளியேறச் சொன்னார்; 'ஹி ஆஸ்க்ட் டு லீவ்' என்றால் தாம் வெளியேற அனுமதி கேட்டார். வெளியேறுபவரே மாறிவிடுகிறார்.

எதிர்மறை வேண்டுமானால் 'நாட்' என்பதை 'டு'வுக்கு முன் வையுங்கள்: 'ஷீ டோல்ட் மீ நாட் டு வொரி'. அதை முதல் வினையோடு சேர்த்தால் பொருள் வேறாகும். 'ஷீ டிட் நாட் டெல் மீ டு வெயிட்' என்பது அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று பொருள்படும்.

நான்காம் படி: 'இங்' கேட்கும் வினைகளைப் பிரித்து வையுங்கள்

என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், மைண்ட், கன்சிடர், டினை, அட்மிட், போஸ்ட்போன், சஜஸ்ட், கீப், கிவ் அப் ஆகியவை 'டு'வை ஏற்பதில்லை. 'இங்' சேர்ந்த ஜெரண்ட் வடிவத்தையே கேட்கும். 'ஐ என்ஜாய் ரீடிங்', 'வி ஃபினிஷ்ட் பெயிண்டிங் தி டோர்' என்று எழுத வேண்டும். இன்ஃபினிட்டிவ் இனி நடக்கவிருப்பதை நோக்கும், ஜெரண்ட் நடந்ததையும் நடப்பதையும் நோக்கும் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். ஹோப், ப்ளான், ப்ராமிஸ் ஆகியவற்றில் அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் போஸ்ட்போன் என்பதும் இனி நடக்க வேண்டியதைத்தானே குறிக்கிறது? அது ஜெரண்டைத்தான் கேட்கிறது. எனவே இந்த விளக்கத்தை நினைவுக்கு உதவியாக வைத்துக்கொள்ளலாமே தவிர, விதியாக நம்பக் கூடாது.

ஐயம் வந்தால் கற்போருக்கான அகராதியைப் பாருங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் சகாக்களோடு தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளியாகி, 1948 முதல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் வெளியீடாக உலகெங்கும் பரவியது. ஒவ்வொரு வினையும் தனக்குப் பின் எந்த அமைப்பை ஏற்கும் என்பதைக் குறித்துக் காட்டியது அதன் தனிச்சிறப்பு. இன்றைய கற்போர் அகராதிகள் எல்லாவற்றிலும் அந்த வழக்கம் இருக்கிறது. பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடிவிடுவதால்தான் இந்தக் குறிப்பு பலர் கண்ணில் படுவதில்லை.

சஜஸ்ட் பற்றித் தனியாக ஒரு சொல். 'ஹி சஜஸ்டட் மீ டு கோ' என்பதை அலுவலகக் கடிதங்களில் ஏராளமாகக் காணலாம். அட்வைஸ் என்பதற்குத்தான் அந்த அமைப்பு உரியது: 'ஹி அட்வைஸ்ட் மீ டு கோ'. சஜஸ்ட் வேண்டுமென்றால் 'ஹி சஜஸ்டட் தட் ஐ கோ' என்றோ, தாமும் சேர்ந்து செய்வதாக இருந்தால் 'ஹி சஜஸ்டட் கோயிங்' என்றோ எழுத வேண்டும்.

பிகின், ஸ்டார்ட், கன்டினியூ, லைக், லவ், ஹேட் ஆகியவை இரண்டு வடிவங்களையும் பெரிய வேறுபாடின்றி ஏற்கும். ஆனால் 'வுட் லைக்' என்று வந்துவிட்டால் 'டு' மட்டுமே. இவற்றில் நேரம் செலவிட வேண்டாம். நேரம் செலவிட வேண்டியவை, இரண்டையும் ஏற்றுப் பொருளை மாற்றிக்கொள்ளும் சில வினைகள்.

'ஹி ஸ்டாப்ட் ரீடிங்' என்றால் படிப்பதை நிறுத்தினான்; 'ஹி ஸ்டாப்ட் டு ரீட்' என்றால் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் படிக்க நின்றான். முன்னதில் படிப்பு முடிகிறது, பின்னதில் படிப்பு தொடங்குகிறது. 'ஐ ரிமெம்பர்ட் டு லாக் தி டோர்' என்பவர் கதவைப் பூட்ட வேண்டும் என்று நினைவு வந்து பூட்டியவர். 'ஐ ரிமெம்பர் லாக்கிங் தி டோர்' என்பவர் பூட்டியது தமக்கு நினைவிருக்கிறது என்கிறார். ஃபர்கெட் என்பதும் இதே முறையில் வேலை செய்யும். 'ஐ ட்ரைட் டு ஓப்பன் தி விண்டோ' என்றால் திறக்க முயன்றேன், ஒருவேளை திறக்காமலும் போயிருக்கலாம். 'ஐ ட்ரைட் ஓப்பனிங் தி விண்டோ' என்றால் புழுக்கம் தணியுமா என்று திறந்து பார்த்தேன். ரிக்ரெட் என்பதற்குப் பின் 'டு' வந்தால் இனி சொல்லப்போகும் வருத்தமான செய்திக்கு முன்னுரை: 'வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ'. 'இங்' வந்தால் செய்துவிட்ட செயலுக்கு வருந்துவது: 'ஐ ரிக்ரெட் டெல்லிங் ஹிம்'.

ஐந்தாம் படி: நோக்கத்தைச் சொல்லும்போது 'ஃபார்' வேண்டாம்

'உங்களைப் பார்ப்பதற்காக வந்தேன்' என்பதில் உள்ள 'ஆக' நம்மை 'ஃபார்' பக்கம் இழுத்துச் செல்கிறது. 'ஐ கேம் ஃபார் ஸீ யூ', 'ஐ கேம் ஃபார் ஸீயிங் யூ' இரண்டும் பிழை. 'ஐ கேம் டு ஸீ யூ' என்பது போதும். 'உங்களைப் பார்க்க வந்தேன்' என்று தமிழ் வாக்கியத்தை முதலில் எச்ச வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு ஆங்கிலத்தில் எழுதினால் இந்தப் பிழை வரவே வராது. ஒரு பொருளின் பயன்பாட்டைச் சொல்லும்போது மட்டும் 'ஃபார்' பக்கத்தில் 'இங்' வரலாம்: 'எ நைஃப் ஃபார் கட்டிங் பேப்பர்'. ஒன்று நேராமல் இருப்பதற்காகச் செய்ததைச் சொல்லும்போது வெறும் 'நாட் டு' பெரும்பாலும் போதாது. 'ஸோ ஆஸ் நாட் டு' அல்லது 'இன் ஆர்டர் நாட் டு' என்று எழுதுவது நல்லது.

பெயர்ச்சொல்லுக்கும் பண்புச்சொல்லுக்கும் பின் வரும் இன்ஃபினிட்டிவ் அவ்வளவு தொல்லை தருவதில்லை. 'குடிக்கத் தண்ணீர்' என்பது 'வாட்டர் டு ட்ரிங்க்'. 'கற்க எளிது' என்பது 'ஈஸி டு லேர்ன்'. இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை. 'எழுதுவதற்கு ஒரு பேனா' என்பது 'எ பென் டு ரைட் வித்'. கடைசியில் உள்ள 'வித்' விடுபட்டால் பேனாவையே எழுதுவதாக ஆகிவிடும். 'திஸ் பாக்ஸ் இஸ் டூ ஹெவி டு லிஃப்ட்' என்பதன் இறுதியில் 'இட்' சேர்க்கக் கூடாது. தூக்கப்படும் பொருள் எழுவாயாக முன்னரே வந்துவிட்டது.

ஆறாம் படி: இன்ஃபினிட்டிவின் வேடத்தில் வரும் 'டு'வைக் கண்டுபிடியுங்கள்

'லுக் ஃபார்வர்ட் டு', 'பி யூஸ்ட் டு', 'அப்ஜெக்ட் டு', 'கமிட்டட் டு', 'இன் அடிஷன் டு' ஆகியவற்றில் இருப்பது முன்னிடைச்சொல். முன்னிடைச்சொல்லுக்குப் பின் பெயர்ச்சொல்லோ ஜெரண்டோதான் வரும். கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு: வினை வரும் இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு தி மீட்டிங்' என்பது நன்றாக நிற்கிறது. ஆகவே 'டு மீட்டிங் யூ' என்று 'இங்' சேர்க்க வேண்டும். 'ஐ டிசைடட் டு தி மீட்டிங்' என்பது நிற்கவில்லை. ஆகவே 'டிசைடட் டு மீட்' என்பதே சரி.

யூஸ்ட் டு என்பதில் இரண்டு வேறு தொடர்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. 'ஐ யூஸ்ட் டு வேக் அப் எர்லி' என்றால் முன்பெல்லாம் சீக்கிரம் எழுவேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி' என்றால் சீக்கிரம் எழுவது எனக்குப் பழகிப்போனது. நடுவே 'ஆம்', 'இஸ்', 'வாஸ்' இருக்கிறதா என்று பார்த்தாலே எது எது என்பது தெரிந்துவிடும்.

'டு'வுக்கும் வினைக்கும் நடுவே வேறு சொல் வரலாமா என்னும் கேள்விக்கு இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். 'டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்' போன்ற அமைப்பை 1864-இல் வெளியான நூலில் ஹென்றி ஆல்ஃபர்ட் என்னும் ஆங்கில மதகுரு கண்டித்தார். பின்னர் பள்ளிகள் அதைப் பெருங்குற்றமாகவே ஆக்கிவிட்டன. 1926-இல் ஆங்கிலச் சொல்வழக்கு அகராதி எழுதிய எச். டபிள்யூ. ஃபௌலர் அந்த அச்சத்தையே கேலி செய்தார். இன்று நல்ல எழுத்தாளர்கள் தேவைப்படும் இடத்தில் தயங்காமல் பயன்படுத்துகிறார்கள். புதிதாகக் கற்பவர் கவலைப்பட வேண்டிய பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

ஏழாம் படி: எழுதியதை இடப்பக்கமாகத் திரும்பிப் படியுங்கள்

விடுப்புக் கேட்டு ஒருவர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: 'ஐ ஆம் ரைட்டிங் ஃபார் ரிக்வெஸ்ட் த்ரீ டேஸ் லீவ். மை டாக்டர் டோல்ட் டு டேக் ரெஸ்ட் அண்ட் சஜஸ்டட் மீ டு அவாய்ட் டு டிராவல். ஐ வில் டு ஃபினிஷ் தி ரிப்போர்ட் டுடே. ப்ளீஸ் லெட் மீ டு ரெஸ்யூம் வொர்க் ஆன் மண்டே. ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.'

ஒவ்வொரு வினையிலும் விரலை வைத்து, அதற்கு முன் உள்ள சொல்லைக் கேளுங்கள். ரிக்வெஸ்ட் என்பதற்கு முன் 'ஃபார்' இருக்கிறது. சொல்லப்படுவது நோக்கம் என்பதால் அது 'டு' ஆக வேண்டும். டோல்ட் என்பதற்குப் பின் ஆளைக் காணோம். 'மீ' சேர்க்க வேண்டும். சஜஸ்டட் 'மீ டு' என்பதை ஏற்காது. அவாய்ட் தனக்குப் பின் 'இங்' கேட்கும். வில் துணைவினை, அதற்குப் பின் 'டு' இல்லை. லெட் ஆளுக்குப் பின் நேரே வினையைக் கேட்கும். கடைசி வாக்கியத்தின் 'டு' முன்னிடைச்சொல், அதனால் 'ஹியரிங்'. திருத்திய கடிதம் இப்படி வரும்: 'ஐ ஆம் ரைட்டிங் டு ரிக்வெஸ்ட் த்ரீ டேஸ் லீவ். மை டாக்டர் டோல்ட் மீ டு டேக் ரெஸ்ட் அண்ட் சஜஸ்டட் தட் ஐ அவாய்ட் டிராவலிங். ஐ வில் ஃபினிஷ் தி ரிப்போர்ட் டுடே. ப்ளீஸ் லெட் மீ ரெஸ்யூம் வொர்க் ஆன் மண்டே. ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.'